ஈரக் கொழுந்தின் எடை

பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் காலுறையின் நுனியைக் கத்தரிக்கோல் நறுக்கியது. நறுக்கிய துண்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நகத்தளவே இருந்த மைக்கின் மேல் மாட்டின இரண்டு கைகள். அதன்மேல் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டன. பிறகு செல்லம்மாவின் கழுத்துத் துண்டு மடிப்புக்குள் அதைச் செருகி, ஊக்கு குத்தி, அவர் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை ஒரு தடவை கசக்கிப் பார்த்தன. காதுக் கருவியில் சரசரப்பு கேட்கவில்லை. கைகள் மணிக்கட்டு வரை நனைந்திருந்தன. மணி ஏழரைதான். அந்த நேரத்தில் தேயிலைச் செடியை உரசிவிட்டு வந்த எதுவும் காய்ந்திருக்காது.

"எனக்குத் தாலி கட்டுன மனுசன்கூட கழுத்துகிட்ட இவ்வளவு நேரம் நிக்கலம்மா" என்றார் செல்லம்மா.

கைகளுக்குச் சொந்தக்காரி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை விரிப்பைக் கசக்கிக் கேட்டுவிட்டுத்தான் விலகினாள்.

அவள் பெயர் எவலின். வயது நாற்பத்தொன்று. கோலாலம்பூரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் மலைமேல் இருக்கும் ரிங்லெட் டவுனில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் முதலாளி. தோட்டத்துக்காரர்களைக் கேட்டால், போட்டி வைத்து டிவியில் காட்டுகிற பொண்ணு என்பார்கள். அந்தச் சனிக்கிழமை அவளுடைய 'ஜோடி நடை' நிகழ்ச்சிக்கு இறுதிச் சுற்று.

தேயிலை வெட்டும் இயந்திரத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும். நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடி. வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் இழுபடும் பைக்குள் போய் விழும். ஒருவர் வேகமாக நடந்து மற்றவர் பின்தங்கினால் கத்தி கோணி, முற்றல் இலையையும் சேர்த்து வழித்துவிடும். சேர்ந்து நடக்கத் தெரியாத இருவருக்கு அந்த இயந்திரம் பொழுதுக்கும் சண்டைதான். சிறு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இந்தக் காட்சியில் ஒரு போட்டி ஒளிந்திருப்பது எவலினுக்கு முப்பத்தொன்பது வயதில்தான் பட்டது. அண்ணன் தம்பி, கணவன் மனைவி, கடை முதலாளி கடையாள் என்று பத்து ஜோடிகளைப் பிடித்து எட்டு வாரம் நடக்கவிட்டாள். கடைசியில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின. ஒன்று, ரிங்லெட் மாமியார் மருமகளான செல்லம்மாவும் திலகாவும். மற்றது, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் கூட்டாளிகளான ஹரிதாசும் டொனால்டும். ஜெயிக்கும் ஜோடிக்குச் சமையலறையோடு கூடிய ஒரு விற்பனை வண்டி.

எவலின் எந்தக் கல்லூரியிலும் இந்தத் தொழிலைப் படித்தவள் அல்ல. ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பா கொழுந்து லோரி ஓட்டினார். அம்மா அற்புதம்மாள் கத்தரியால் கொழுந்து வெட்டினார். பதினேழு வயதில் தானா ராத்தாவில் ஒரு போட்டோக் கடைக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, தேவாலயத்தில் ஞானஸ்நானம் என்று எல்லாவற்றையும் படம்பிடித்தாள். கேமரா கெட்டுப்போனால் கடைக்காரர் ஈப்போவுக்கு அனுப்புவார், திரும்பி வர மூன்று வாரமாகும். நான்காவது தடவை கெட்டபோது, அவர் இல்லாத நேரம் பார்த்து அவளே திறந்து பார்த்தாள். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று ஒரு பழைய நாட்காட்டியின் கட்டங்களில் ஒட்டி வைத்துக்கொண்டு திறந்தாள். கேமரா ஓடியது. ஏன் ஓடியது என்று தெரியாததால் மறுபடி திறந்தாள்.

இருபத்து நான்கு வயதில் கோலாலம்பூருக்குப் போனாள். ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் கேபிள் சுருட்டும் வேலை. ஆறு வருடத்தில் மேடைப் பொறுப்பாளராக உயர்ந்தாள். அங்கே ஒரு பாட்டுப் போட்டியின் கடைசி நாளில், நேயர்கள் போட்ட ஓட்டுகளைக் கூட்டிக் கொடுத்தவள் அவள்தான். அரங்கில் வாசித்த பெயர் அவள் தாளில் இருந்த பெயர் அல்ல. யாரிடமும் சண்டை போடவில்லை. கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தன் கணக்கு சரி என்று உறுதியானதும் ஊருக்கு பஸ் ஏறினாள்.

அது 2013. லெம்பா பெர்த்தாமில் சேற்று வெள்ளம் புகுந்த வருடம். பழைய கேமரா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சேறு மூடிய நிலத்தில் நான்கு குடும்பங்கள் மறுபடி காய்கறி போட்டு எடுப்பதை முழுப் பருவமும் கூடவே இருந்து பதிவு செய்தாள். அதுதான் அவளுடைய முதல் நிகழ்ச்சி. பிறகு லோரி ஓட்டுநர்களை வைத்து மூன்று பருவம் செய்தாள். மழைக்கோட்டுக்குள் மைக் சரசரக்காமல் இருக்க அவள் கண்டுபிடித்த காலுறை உறையைக் கோலாலம்பூரிலிருந்து வந்த படக்குழுக்கள் கேட்டு வாங்க, அதையே தைத்து விற்கும் சிறு வியாபாரமும் மாடியில் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டது. இப்போது அவளிடம் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். புதிதாகச் சேரும் எவரிடமும் அவள் சொல்வது ஒன்றே ஒன்று. நம் நிகழ்ச்சியில் தோற்றவர் எப்படித் தோற்றார் என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும்.

இறுதிச் சுற்றுக்குத் தோட்டத்தில் ஓர் இயந்திரம்தான் தந்திருந்தார்கள். அதனால் சீட்டுப் போட்டு, காலை ஏழரைக்கு மாமியாரும் மருமகளும், மதியம் ஒன்றரைக்கு லோரிக்காரர்களும் வெட்டினார்கள். ஜோடிக்கு நாற்பது நிமிடம். எடை போட்டவள் சசிரேகா. தோட்டத்தில் தினமும் கொழுந்து எடை போடுபவள் அவளேதான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எவலினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். காலையில் அவள் "முப்பத்தொன்பது" என்றாள். மதியம் "நாப்பத்தொன்னு" என்றாள். ஹரிதாஸ் டொனால்டைத் தூக்கிச் சுற்றினான். வாணவேடிக்கை போட்டார்கள். திலகா கை தட்டினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

முடிக்கப்பட்ட நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோலாலம்பூரில் தொலைக்காட்சி நிலையத்தின் கைக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை எவலினும் படத்தொகுப்பாளன் எட்ரியனும் மாடியில் உட்கார்ந்து காலைப் பகுதியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எட்ரியன் தானா ராத்தா டவுன் பையனாக வளர்ந்தவன், முப்பது வயது, தேயிலையைக் கோப்பையில் மட்டும் அறிந்தவன். எடை போடும் காட்சி வந்தது. செல்லம்மாவின் கழுத்து மைக்கில், சசிரேகா எண்ணைச் சொல்லி முடித்ததும், ஒரு கிசுகிசுப்பு தெளிவாக விழுந்திருந்தது.

"அத்த, நாப்பத்து மூணுன்னு காட்டுச்சே."

"ஈரம்டி. சும்மா இரு."

எட்ரியன் நிறுத்தினான். தராசைக் கிட்டத்தில் எடுத்த ஐந்து விநாடிக் காட்சியைத் தேடி ஓடவிட்டான். சிவப்பு எழுத்தில் 43.2 என்றிருந்தது.

அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எவலினைப் பார்த்தான். எவலின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வியப்பாக இருந்தது சசிரேகா கழித்தது அல்ல. அன்றைக்குத் தராசிலிருந்து மூன்றடி தள்ளி நின்று அந்த எண்ணைத் தானும் பார்த்திருந்தாள். முப்பத்தொன்பது என்று கேட்டபோது ஒன்றுமே தோன்றவில்லையே என்பதுதான் வியப்பு. ஈரக் கொழுந்துக்குக் கழிப்பார்கள். மழைநாளில் அம்மா வீட்டுக்கு வந்து, இன்றைக்கு இவ்வளவு கழித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே ஈரத் துணியைப் பிழிவார். மூச்சு விடுவதைப் போல அது உடம்போடு வந்த வழக்கம். செல்லம்மாவும் இருபது வருடம் தோட்டத்தில் வெட்டியவர். அவரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்தவள் பாலர் பள்ளி ஆசிரியையான திலகா மட்டும்தான்.

ஆனால் போட்டி விதி என்று ஒரு தாள் இருந்தது. அதை எழுதியவள் எவலின். ஆறாவது வரி: தராசு காட்டும் எடையே முடிவு.

எட்ரியன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, இந்த அஞ்சு செகண்டையும் அந்தக் கிசுகிசுப்பையும் தூக்கிட்டா யாருக்குத் தெரியும்லா? அவங்களே கேக்கல."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னான். எவலினுக்கும் அது புரிந்தது. ஐந்து விநாடி. கோலாலம்பூரில் அந்தப் பாட்டுப் போட்டியில் பெயர் மாற இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு அவள் தாளில் இருந்த பெயருக்கும் மேடையில் கேட்ட பெயருக்கும் நடுவில் யாரோ ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

"அப்போ யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள்.

"விதிப்படி பார்த்தா மாமியார் மருமக. மத்தியானம் தராசுலயும் நாப்பத்தொன்னுதான்."

"விதிய விடு. கொழுந்துப்படி?"

எட்ரியன் தராசுக் காட்சியை மறுபடி ஓடவிட்டான்.

மறுநாள் எவலின் சசிரேகாவைத் தேடித் தோட்டத்துக்குப் போனாள். கொட்டகையில் வங்காளதேசத்து ஆட்கள் கொண்டுவந்து போடும் பைகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள் சசிரேகா. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. தண்ணிக்குக் கழிக்காமல் பின்னே எதற்குக் கழிப்பது, தண்ணியையா பொட்டலம் கட்டி விற்கப் போகிறார்கள் என்று கேட்டாள். எவ்வளவு என்று எப்படி முடிவு செய்தாள் என்று எவலின் கேட்டாள். பைக்குள் கையை விட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். கையை விட்டால் எண் எப்படித் தெரியும்?

"உனக்குத் துணியத் தொட்டா ஈரம் எவ்வளவுன்னு தெரியாதா? நீ டவுனுக்குப் போயி ரொம்ப நாளாச்சுடி."

"தெரியும். ஆனா டிவில சொன்னா நம்ப மாட்டாங்க. எனக்கே பார்க்கணும்."

காயவைத்து எடை போட்டால் என்ன என்று எவலின் யோசித்தாள். சசிரேகா தலையை ஆட்டினாள். வாட வாடக் கொழுந்தின் சொந்தத் தண்ணீரும் போய்விடும், அது இலையின் சொத்து, அதைக் கழிக்கக் கூடாது என்றாள். மேலே ஒட்டியிருக்கும் பனி மட்டும் போக வேண்டும். இருவரும் கொட்டகை வாசலில் நின்று யோசித்தார்கள். லயத்துப் பின்கட்டில் சசிரேகாவின் இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின் நின்றிருந்தது. துணியைச் சுழற்றிப் பிழியும் சின்னத் தொட்டியை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் அதே நிரைக்குப் பக்கத்தில், அதே போன்ற பனியில், கொழுந்து வெட்டினார்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் மூன்று கிலோ எடைபோட்டுக் கட்டி, தொட்டிக்குள் வைத்து இரண்டு நிமிடம் சுழலவிட்டார்கள். எட்ரியன் கேமராவைத் தோளில் வைத்திருந்தான். கீழே குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் ஓடிவந்தது. சசிரேகா அதைக் கேமராவுக்குச் சுட்டிக் காட்டினாள், கோயிலில் அதிசயம் காட்டுகிறவளைப் போல. மூன்று கிலோ, இரண்டு கிலோ எழுநூறு ஆனது. அடுத்த பை இரண்டு கிலோ அறுநூறு. அதற்கடுத்தது எழுநூற்றைம்பது. எவலின் கூட்டி வகுத்து, மறுபடி கூட்டினாள். நாற்பத்து மூன்று புள்ளி இரண்டில் ஈரம் போனால் முப்பத்தெட்டரையிலிருந்து கொஞ்சம் மேலே நிற்கும்.

"நான் முப்பத்தொன்பதுன்னுதான் சொன்னேன். அப்போ நானூறு கிராம் பாவம் பார்த்திருக்கேன்" என்றாள் சசிரேகா. பிறகு அவள் பாட்டுக்கு வலைப்பையை அவிழ்த்துக்கொண்டே, "எப்படிப் பார்த்தாலும் அவங்களுக்குச் சிரமந்தான். இந்த ஈரத்துல வெட்டுற மெஷின் என்னிக்கு ஒழுங்கா ஓடியிருக்கு?" என்றாள்.

எவலின் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

மாடிக்குத் திரும்பி இரண்டு ஜோடிகளின் நாற்பது நிமிடத்தையும் வெட்டாமல் ஓடவிட்டார்கள். ஈரக் கொழுந்து பையின் வாயில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். நிறுத்தி, கையால் தள்ளிவிட்டுத்தான் மறுபடி நடக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் பதினோரு தடவை நின்றிருந்தார்கள். லோரிக்காரர்கள் இரண்டு தடவை. எடையில் இருந்த ஈரத்தைச் சசிரேகா கழித்துவிட்டாள். நடையில் இருந்த ஈரத்தை யாரும் கழிக்கவில்லை. தராசு காட்டியதும் சரி, சசிரேகாவின் கை சொன்னதும் சரி. தவறு காலையில் ஒரு ஜோடியையும் மதியம் ஒரு ஜோடியையும் நடக்கவிட்டவளுடையது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவலினுடையது.

அன்று மதியமே நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டு, இறுதிச் சுற்றை மறுபடி எடுக்கப் போவதாகச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், அவசரக்காரர். வெள்ளி ஐந்து மணிக்கு வராவிட்டால் அந்த இடத்தில் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிடுவேன், அடுத்த பருவத்தைப் பற்றி அப்புறம் பேச வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் பயமுறுத்தல் இல்லை, அட்டவணை இருந்தது.

பிறகு இரண்டு ஜோடிகளையும் ரிங்லெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச்சொல்லி, கிசுகிசுப்பில் தொடங்கிப் பதினோரு தடவை வரை எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். ஹரிதாசின் முகம் இறுகியது. ஜெயித்தவனைக் கூப்பிட்டு மறுபடி ஓடு என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டான். வண்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டதாகச் சொன்னான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. பதில் சொன்னது டொனால்ட்.

"ஈரத்த ஜெயிச்சவனுங்கன்னு வர்றவன் போறவன் சொல்லுவான்டா. லோரிய எங்க நிறுத்தினாலும் சொல்லுவான். வெட்டிட்டு வந்துரலாம்லா."

செல்லம்மா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்று எவலின் கேட்டாள்.

"ஈரத்துக்குக் கழிச்சா யாரும்மா கேப்பா?" என்றார் செல்லம்மா.

"நான் கேட்டேன்" என்றாள் திலகா. மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆமாம், கேட்டாள் என்பதுபோல் தலையசைத்தார். அந்த வீட்டில் அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

தோட்டத்துத் துரை ஒரு மணி நேரத்துக்கு இரண்டாவது இயந்திரத்தை விட்டுத்தர ஒப்புக்கொண்டார். வியாழன் மதியம் இரண்டு மணி. பக்கத்துப் பக்கத்து நிரை, ஒரே சரிவு, ஒரே நேரம். அன்று வெயில் காய்ந்திருந்தது, ஆனால் மேலே மலைமுகட்டில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. எவலின் நான்கு கழுத்திலும் மைக் மாட்டினாள். இந்தத் தடவை செல்லம்மா கழுத்தைத் தானே நீட்டினார்.

நாற்பது நிமிடமும் யாரும் அதிகம் பேசவில்லை. காதுக் கருவியில் எவலினுக்கு நான்கு பேரின் மூச்சு கேட்டது. ஹரிதாஸ் முதல் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு ஓடினான். டொனால்ட் ஒரு வார்த்தை சொன்னதும் காலைக் குறைத்தான். மறுபக்கம் செல்லம்மா "இடது... இடது" என்று தாளமாகச் சொல்லிக்கொண்டே போனார், திலகாவின் கால் அதில் விழுந்தது. பை ஒரு தடவைதான் அடைத்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தூறல் விழ, எவலின் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தாள். தூறல் அப்படியே நின்றது.

தராசின் முகத்தை எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள். எண்ணைச் சொல்லக் கூடாது என்று சசிரேகாவுக்குக் கட்டளை. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு பைக்குள்ளும் விட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஈரந்தான், ஒன்னுமில்ல" என்று கேமராவிடம் சொன்னாள்.

மாமியார் மருமகள் பை: 43.5. திலகா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

லோரிக்காரர்கள் பை ஆடி ஆடி நின்றது: 43.8.

ஹரிதாஸ் இந்தத் தடவை யாரையும் தூக்கிச் சுற்றவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நேராகச் செல்லம்மாவிடம் போய், இன்னும் ரெண்டு நிமிசம் இருந்திருந்தா எங்க கதை முடிஞ்சிருக்கும் ஆன்ட்டி என்றான். செல்லம்மா பிளாஸ்டிக் விரிப்பை அவிழ்த்து உதறினார்.

"அன்னிக்குத் தோத்தோம்னு சொன்னாங்க, கேட்டுக்கிட்டோம். இன்னிக்குத் தோத்தத நானே பார்த்தேன்" என்றார். "முந்நூறு கிராம்தான்டி திலகா. ஒரு கோழிக்குஞ்சு எடை."

வண்டி மலையிறங்கும்போது எட்ரியன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நான்கு நாள் அலைந்து, அதே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்றான்.

"அன்னிக்கு இருந்தது விடை இல்ல எட்ரியன். சொல்லக் கேட்ட வெறும் சத்தம்" என்றாள் எவலின்.

வியாழன் மாலையும் வெள்ளி காலையும் உட்கார்ந்து தொகுத்தார்கள். நிலையம் கொடுத்த நேரம் நாற்பத்து நான்கு நிமிடம். ஒரு நிமிடம் கூடக் கூடாது. 43.2 என்ற சிவப்பு எழுத்து இருந்தது. திலகாவின் கிசுகிசுப்பு இருந்தது, கீழே எழுத்தோடு. போட்டியை நடத்தியவளின் தவறு என்று எவலினே அரை நிமிடம் பேசினாள். அதை மூன்று தடவை பதிவு செய்து, முதலில் பேசியதையே வைத்தாள். பதினொன்றரைக்குக் கணினி வட்டில் ஏற்றி, முழுவதையும் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்து, தாப்பா வழியாக மலையிறங்கினாள். எட்ரியனிடம் கொடுத்து அனுப்பலாம், இணையத்திலும் அனுப்பலாம். முடிந்த வேலையை அவள் கையால்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

நான்கு இருபதுக்கு நிலையத்தின் மூன்றாம் மாடியில் ஜெகதீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் காலணியில் காய்ந்த சிவப்பு மண் ஒட்டியிருந்தது.

"நாப்பத்து நாலு நிமிசந்தானே?"

"நாப்பத்து நாலு. வாணவேடிக்கைய வெட்டிட்டேன்."

"அது நல்லா வந்திருந்ததேம்மா. அதுக்குப் பதிலா என்ன வெச்சீங்க?"

"வாஷிங் மெஷின்."

அவர் கையை நீட்டினார். எவலின் பைக்குள்ளிருந்து வட்டை எடுத்து, காலுறைத் துணியால் தைத்த உறையிலிருந்து உருவி, அவர் கையில் வைத்தாள்.